ஹெட்போனுக்கு ஒரு வரன்

ரென்ஸ்கே வீர்ஸ்மா முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். அடுத்தது காதணிகள். பிறகு நரைத்த கூந்தலை அள்ளி உச்சியில் கொண்டையாக்கி, அதில் ஒரு பென்சிலைச் செருகுவார். காதுக்கும் ஹெட்போனின் வெல்வெட் மெத்தைக்கும் நடுவே கண்ணாடிக் காம்பு நுழைந்தாலும் அடிநாதம் கசிந்துவிடும் என்பது அவர் கட்சி. கண்ணாடி இல்லாவிட்டால் மேசைக்கு எதிர்ப்புறம் இருக்கும் கணவர் ஹீல்கே, சட்டை போட்ட ஒரு மங்கலாக மட்டுமே தெரிவார். "கேக்கத்தானே உக்காந்திருக்கேன், உன் மூஞ்சியப் பாக்கவா?" என்பார் ரென்ஸ்கே.

போல்ஸ்வார்ட் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ரென்ஸ்கேதான். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்கும். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் வாய்க்காலை நோக்கி வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அதை மிதித்து மிதித்து, அவருடைய வலது காலுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எங்கே எது தப்பினாலும் கால் தரையை மிதிக்கும். பாட்டுக் கேட்கும்போதும் அப்படித்தான். ஒரு வயலின் கூடுதலாகக் கீச்சிட்டால் போதும், சமையலறைத் தரையில் சடக்கென்று பிரேக் விழும். மேசைக்கு அடியில் அந்த ஒரு இடத்தில் மட்டும் விரிப்பு நைந்து போயிருக்கிறது.

ஊரில் அவருக்குக் கல்யாணத் தரகர் என்று பெயர். சனிக்கிழமை காலையானால் யாராவது ஒருவர், பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் ஒரு ஹெட்போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டுவார். ரென்ஸ்கேயின் சமையலறை அலமாரியில் தட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில், ஹெட்போனுக்கு விசை ஊட்டும் ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன. சில அவர் வாங்கியவை, சில யாரோ விட்டுப் போனவை. ஒவ்வொன்றாக இறக்கி, வந்த ஹெட்போனுக்கு எது பொருந்துகிறது என்று பார்த்துச் சொல்வார்.

"நல்ல ஹெட்போன் வாங்குறது பாதி வேலைதான். ஏத்த ஆம்ப் அமையணும்ல? அமையலன்னா ரெண்டும் நல்ல சாதிக் குதிரையா இருந்தும் வண்டி நகராது."

என்ன பாட்டுக் கேட்பாய் என்று அவர் யாரையும் கேட்டதில்லை. ரொட்டிக்கடை யெல்மர் தன் புது ஹெட்போன் காதைக் குத்துகிறது என்று புலம்பிக்கொண்டு வந்தபோது, ரென்ஸ்கே கேட்ட கேள்வி வேறு.

"கேக்கும்போது உன் கை என்ன பண்ணும்?"

"கை என்ன பண்ணும்? சும்மாதான் கெடக்கும்."

"பொய் சொல்லாத. இப்பவே என் மேசையப் பிசைஞ்சுக்கிட்டிருக்க."

யெல்மர் குனிந்து பார்த்தார். பிசைந்துகொண்டுதான் இருந்தார். ரென்ஸ்கே மேல் தட்டிலிருந்து சப்பையான ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். "இது தாளத்த முன்னாடி கொண்டாந்து நிறுத்தும். உன் கைக்கு வேல இருக்கும், காதக் குத்தாது. எடுத்துக்கிட்டு ஓடு." அன்றிலிருந்து வாரம் தவறாமல் அந்த வீட்டுக்குச் சர்க்கரை ரொட்டி வருகிறது.

இப்படி ஊருக்கெல்லாம் ஜோடி சேர்த்து வைத்தவர் வீட்டிலேயே ஒன்று வரன் அமையாமல் நின்றது. அது அவருடைய சொந்த ஹெட்போன்.

மூன்று வருடத்துக்கு முன் புதுச் சமையலறை கட்டுவதற்கென்று ஒதுக்கிய பணத்தில் அதை வாங்கினார். வால்நட் மரச் சட்டம், ஆட்டுத்தோல் பட்டை, காதுக்கு வெளியே வலைபோட்ட திறந்த முதுகு. அந்த வலை வழியாகப் பாட்டு வெளியேயும் கசியும். எதிரே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும் ஹீல்கே, அந்தக் கசிவைப் பிடித்துக்கொண்டு பாதி வரி பின்னால் பாடிக்கொண்டே வருவார். சமையலறை போனதில் அவருக்கு வருத்தமில்லை. கீல் விட்ட அலமாரிக் கதவைக் கயிற்றால் கட்டியதும் அவர்தான். "எங்க வீட்டுப் புதுக் கிச்சன் எவ்வளவு அழகு பாருங்க, தலையில மாட்டிக்கலாம்" என்று விருந்தாளிகளிடம் ஹெட்போனைக் காட்டுவார்.

ரென்ஸ்கேயும் சேர்ந்து சிரிப்பார். கேட்கிறவர்களிடமெல்லாம் பிரமாதம், பிரமாதம் என்பார். ஆனால் அது பிரமாதமாக இல்லை. வறட்சியாக, விறைப்பாக, சலவைக்கடைக் கஞ்சி போட்ட சட்டை மாதிரி இருந்தது. அந்த வகை ஹெட்போனுக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு, எல்லா ஆம்ப்புக்கும் வாய் திறக்காது. அலமாரியில் இருந்த எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தார். அவருடைய பெருமையான வெள்ளி நிற ஆம்ப்போடும் பார்த்தார். ஆறு வருடம் சேர்த்த பணத்தில் வாங்கியது அது. மற்ற எந்த ஹெட்போனையும் அது தேனாகப் பாட வைக்கும். இதை மட்டும் பாட வைக்க முடியவில்லை.

வாய் பிரமாதம் என்று சொல்லும். மேசைக்கு அடியில் கால் பிரேக் போடும்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை ஹீல்கே கிழங்குத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டே சொன்னார். "ரென்ஸ், மூணு வருஷமா உன் கால் என்கிட்ட உண்மைய சொல்லிக்கிட்டிருக்கு. வாய் எப்ப சொல்லப் போவுது?"

ரென்ஸ்கே ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஊராருக்குப் பொருத்தம் பார்த்துச் சொல்லும் ஆள், தன் வீட்டில் தோற்றதை இத்தனை நாள் மூடி வைத்திருந்த வெட்கம். அதைவிடப் பெரிதாகத் துக்கம் இருந்தது. அதற்குள் ஒரு நல்ல குரல் இருக்கிறது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும், அதை ஒருநாளும் கேட்க முடியவில்லை என்ற துக்கம். அன்றைக்கே விற்பனை விளம்பரம் போட்டார். குரோனிங்கனிலிருந்து ஓன்னோ என்று ஒருவர் உடனே கூப்பிட்டு, சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

வியாழக்கிழமை மாலை, ஹெட்போனைப் பொதிந்து கொடுக்க ஒரு நல்ல அட்டைப்பெட்டி கேட்கலாம் என்று எதிர்வீட்டு டௌவேயிடம் போனார். டௌவே குழாய் வேலை செய்கிறவர், பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் அவரை வீட்டுக்குள் பிடிக்க முடியாது. தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில் தக்காளி நாற்றோடு இருப்பார். தெருவில் முதல் பழம் யார் வீட்டில் சிவக்கிறது என்பதில் அவருக்கும் ஹீல்கேக்கும் வருடா வருடம் போட்டி.

குடிலுக்குள் நுழைந்த ரென்ஸ்கே பெட்டியை மறந்தார். நாற்றுத் தட்டுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதன் முதுகில், பழைய ரேடியோவில் இருப்பதுபோல், நான்கு கண்ணாடி வால்வுகள் செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டிருந்தன. முன்பக்கம் பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. அதில் 'தக்காளி' என்று எழுதிய மரக்குச்சி செருகியிருந்தது.

"யோவ் டௌவே, என்னய்யா இது?"

"ஹீட்டர்."

"ஹீட்டரா? எங்க புடிச்ச?"

"ராஜா பொறந்தநாளுக்கு ஊரே பழைய சாமான் விக்குமே, அந்தச் சந்தையில. ஒரு பொண்ணு வாசல்ல பரப்பி வச்சிருந்துச்சு. எரியுதுன்னு காட்ட சொருகி வச்சிருந்தா. அந்த வாரம்தான் தட்டுக்கு அடியில விரிக்கிற என் கரண்ட் வெப்பப் பாய் புகைஞ்சுபோய் பாதி நாத்தக் கருக்கிருச்சு. இதத் தொட்டுப் பாத்தேன், இதமா இருந்துச்சு. ரெண்டு காசு குடுத்துத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"இந்த ஓட்டை எதுக்குன்னு நெனச்ச?"

"பேர் எழுதி சொருகத்தான். வேற எதுக்கு?"

ரென்ஸ்கே தெருவைத் தாண்டி ஓடினார். திரும்பி வந்தபோது கழுத்தில் ஹெட்போன், கையில் ஃபோனும் ஒயரும், கொண்டையில் பென்சில். தட்டை நகர்த்தி, "ஒரு சொட்டுத் தண்ணி இதுமேல விழுந்திருந்தா நீயும் போயிருப்ப, தக்காளியும் போயிருக்கும்" என்று திட்டிக்கொண்டே பெட்டியைத் துடைத்தார். தக்காளிக் குச்சியைப் பிடுங்கி, அந்த ஓட்டையில் ஹெட்போன் ஒயரைச் செருகினார். கவிழ்த்துப் போட்ட ஒரு வாளிமேல் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

ஒரு பெண் குரலும் ஒரு செல்லோவும் மட்டும் உள்ள பாட்டு அது. மூன்று வருடமாக இந்த ஹெட்போனில் கேட்டுக் கேட்டுக் கைவிட்டது. இப்போது அந்தப் பெண் ஒவ்வொரு வரிக்கும் முன் மூச்சு எடுப்பது கேட்டது. செல்லோவின் மரம் பெரியது என்று தெரிந்தது. குரல் உயரே போன இடத்தில் கீச்சிடவில்லை, விரிந்தது. ரென்ஸ்கே வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வலது கால் அசையாமல் கிடந்தது.

கசிவைக் கேட்டபடி நின்ற டௌவே, "என்னம்மா, ஹீட்டர் ரிப்பேரா?" என்றார்.

"இல்ல. வரன் அமைஞ்சிருச்சு. எனக்கு இது வேணும் டௌவே. என்ன கேட்டாலும் தரேன்."

"இது விக்கிறதுக்கில்ல."

"ஏன்யா?"

"மே நடுவுல பனிப் புனிதர்கள் நாள் வருதில்ல, அது இன்னும் கழியல, அதுவரைக்கும் பனி உறையலாம். ஒரு ராத்திரி உறைஞ்சாலும் எல்லாம் போச்சு. இந்த வருஷம் மட்டுமில்ல, வருஷா வருஷம் இதுதான் என் நாத்துக்கு அடுப்பு. நீ உன் பாட்ட வேற எதுலயாவது கேளு."

மறுநாள் ரென்ஸ்கே தோட்டக்கடையில் இருப்பதிலேயே உசத்தியான வெப்பப் பாயை வாங்கிப் போனார். டௌவே அதைத் தொட்டும் பார்க்கவில்லை. "பாய் சங்காத்தமே வேணாம். ஒரு தடவ பட்டது போதும். இதே சூடு குடுக்குற இன்னொரு பெட்டி இருந்தா கொண்டா, மாத்திக்கலாம்" என்றார். சும்மா வாய்ப்பேச்சாகத்தான் சொன்னார்.

இதே சூடு கொடுக்கிற பெட்டி ரென்ஸ்கே வீட்டில் ஒன்று இருந்தது. அந்த வெள்ளி ஆம்ப் அப்படிப்பட்ட சாதி. பாடினாலும் பாடாவிட்டாலும் மின்சாரத்தைக் குடித்து அனலாய்க் கக்கும். குளிர்காலத்தில் ஹீல்கே அதன்மேல் கையுறை காயவைத்து வசவு வாங்கியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டின்போது ரென்ஸ்கே அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹீல்கேக்குப் புரிந்துவிட்டது.

"ஏம்மா, வேணாம். அதுக்கு ஆறு வருஷம் சேத்த."

"தெரியும்."

"அதவிட, அது அவனோட தக்காளி! என் நாத்து ஜன்னலோரத்துல குளிருல நடுங்குது. நீ போய் எதிராளிக்கு அடுப்பு மூட்டுவியா?"

"உன் நாத்துக்கு அந்தப் புதுப் பாய எடுத்துக்க."

ஹீல்கே எழுந்து, தள்ளுவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கப் போனார்.

குரோனிங்கன் ஓன்னோ மறுநாள் காலை வந்து இறங்கியபோது, கணவனும் மனைவியும் ஒரு தள்ளுவண்டியோடு தெருவின் நடுவில் இருந்தார்கள். வண்டியில் போர்வைமேல் வெள்ளி ஆம்ப் வீற்றிருந்தது. வந்தவர் ஒல்லியானவர், கழுத்துக்கு இறுக்கமாகப் பொத்தான் போட்டவர். ஆம்ப்பைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"இது... இது அதுதானே? வாழ்க்கையில ஒரே ஒரு தடவதான் பாத்திருக்கேன்."

"வாங்க வாங்க. மன்னிச்சுக்கங்க, ஹெட்போன் விக்கல. உங்களுக்கு ஃபோன் பண்ணேன், நீங்க எடுக்கல."

"வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன். சரி, அது போவட்டும், இந்த ஆம்ப்பையாவது குடுங்களேன்!"

"அது தக்காளிக்கு நிச்சயமாயிருச்சு" என்றார் ரென்ஸ்கே.

ஓன்னோ சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பின்னாலேயே நடந்தார். குடில் வாசல் படியில் ஹீல்கே ஒரு பக்கமும் அவர் மறுபக்கமுமாக ஆம்ப்பைத் தூக்கினார்கள். "என் எதிரிக்கு நானே சீர் தூக்கிட்டுப் போறேன், பாத்துக்கங்க" என்றார் ஹீல்கே, மூச்சு வாங்க.

ரென்ஸ்கே ஆம்ப்பைச் செங்கல்மேல் சமமாக உட்கார வைத்து, "தண்ணி ஊத்துறப்ப தட்ட வெளிய எடுத்துரு" என்று எச்சரித்து, சுவிட்சைப் போட்டார். எல்லாரும் காத்திருந்தார்கள். டௌவே புறங்கையால் அதன் முதுகைத் தொட்டார். மறுபடியும் தொட்டார். "பரவால்லயே, அதவிட இது ஒரு சுத்து கூடவே இருக்கு" என்றார். பழைய பெட்டியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, அதன் மேலேயே வைத்து, ரென்ஸ்கேயின் கையில் கொடுத்தார். இன்னும் சூடாக இருந்த அதை அவர் வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

"அப்ப இந்த வெள்ளி ஆம்ப்புல இனிமே எதுவுமே பாடாதா?" என்று கேட்டார் ஓன்னோ.

"தக்காளிக்குக் காது இல்லீங்களே" என்றார் டௌவே.

சொல்லிக்கொண்டே நாற்றுத் தட்டைத் தூக்கி ஆம்ப்புக்கு மேல் இருந்த கம்பிகளில் வைத்தார். தட்டின் விளிம்பிலிருந்து மண் கொத்தாக உதிர்ந்து, தேய்த்து மெருகேற்றிய வெள்ளி முகத்தில் சரிந்தது. ஓன்னோ பதறிப்போய்க் கைக்குட்டையோடு பாய்ந்தார். ரென்ஸ்கே பெட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஒழிந்த கையால் அவர் கையை மெல்ல விலக்கினார். பிறகு குனிந்து, தட்டு வைத்த அதிர்ச்சியில் சாய்ந்திருந்த ஒரு நாற்றை விரல் நுனியால் நிமிர்த்தி, அதன் அடியில் மண்ணை அழுத்திவிட்டார்.