லிப்ட்காரரின் குதிகால்

யார் லிப்டில் மாட்டிக்கொண்டாலும் லிப்ட் பழுது பார்க்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போனில் சொல்வதும் எப்போதும் ஒன்றுதான்: "உள்ளயே இருங்க. நான் பாத்து எந்த லிப்டும் விழுந்ததில்ல. அவசரப்பட்டு கதவ நெம்பி குதிச்சவங்கதான் அடிபட்டிருக்காங்க."

அப்பேர்ப்பட்ட லிப்ட்காரர் இப்போது தன் வீட்டு நாலாவது மாடியில் மாட்டிக்கொண்டு கிடந்தார். ஒரு கட்டடத்தில் லிப்ட் கூண்டின் மேலிருந்து இறங்கியபோது குதிகாலுக்குப் பின்னால் 'பட்' என்று ஒரு சத்தம். தடவிப் பார்த்தால், கெட்டியாக நாண் இருக்க வேண்டிய இடத்தில் விரல் பள்ளத்தில் இறங்கியது. தசைநாண் அறுந்துவிட்டது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. இவருக்குச் சொந்த ரத்தத்தில் வைத்தியம் வைத்தார்கள். அறுந்ததைத் தைத்து, அவர் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்து, அதில் வளர்ச்சிக் காரணிகள் நிறைந்த பகுதியை மட்டும் தைத்த இடத்தில் ஊசியாக ஏற்றினார்கள்.

"இந்த ஊசி தசைநாணை வளரச் சொல்லும், அவ்வளவுதான்," என்றார் டாக்டர். "வளந்தது கெட்டியாக நாளாகும். நான் சொல்றவரைக்கும் கால ஊனாதீங்க, பூட்ஸக் கழட்டாதீங்க. மறுபடி அறுந்துச்சுன்னா நடக்கலாம், ஏணி ஏற முடியாது."

ஏணி ஏறாத லிப்ட்காரரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

கட்டில், ஜன்னல், எதிர்வீட்டுச் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வெறுப்பே வந்துவிட்டது. கட்டடத்து லிப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்.

"பிரேக் தேஞ்சு போச்சும்மா அதுல."

"தேயட்டும். உங்க காலு தேறட்டும்," என்பாள் மனைவி.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. முழங்கால்வரை இறுக்கும் அந்த பூட்ஸுக்குள் அரிப்பு உயிரை வாங்கியது. அவள் வேலைக்குப் போனதும் கழற்றிப் போடுவார். சாயங்காலம் லிப்ட் கிளம்பும் சத்தம் கேட்டதும் நல்ல பிள்ளையாக மாட்டிக்கொள்வார்.

அன்றும் லிப்ட் ஏறி வந்தது. அவர் பூட்ஸைக் கையில் எடுத்தார். நாலாவது மாடி வருவதற்குள் ஒரு குலுக்கல், பிறகு சத்தமே இல்லை. உடனே மனைவியின் குரல்: "ஐயோ!"

ஊருக்கெல்லாம் சொன்ன உபதேசம் காற்றில் போயிற்று. பூட்ஸ் இல்லாமலே எழுந்து ஓடினார். வாசலில் அந்தக் கால் அழுந்தியபோது மறுபடி 'பட்' என்றது.

விழுந்தவர் தரையில் உடம்பை இழுத்துக்கொண்டே லிப்ட் கதவுக்கு வந்து சேர்ந்தார்.

"ஏம்மா! அடி பட்டுச்சா?"

"இல்லங்க, பயந்துட்டேன். கதவ நெம்பட்டுமா?"

"நெம்பாத. உள்ளயே இரு. ஒண்ணும் ஆகாது."

"கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேன், ஆளு வர்றாங்களாம். ஆமா, நீங்க எப்படி வந்தீங்க? கால ஊனினீங்களா?"

"இல்லம்மா. தவழ்ந்துதான் வந்தேன்."

"பூட்ஸ் போட்டிருக்கீங்கல்ல?"

"ம்."

உள்ளே அவள் சிரித்தாள். "நல்லா இருக்கு நம்ம பொழப்பு. எனக்காவது இப்ப ஆளு வந்து தெறந்துவிட்டுடுவாங்க. உங்களுக்குத்தான் இன்னும் நாளாகும்."

அவர் கையைக் குதிகாலுக்குப் பின்னால் கொண்டுபோனார். விரல் பழைய பள்ளத்தில் இறங்கியது.

"ஆமாம்மா," என்றார்.