அட்டைப் படத்தில் விட்டுப்போன பொட்டு

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பது. வெயில் ஏறவில்லை. ஆடிக் காற்று ஸ்ரீரங்கத்து மொட்டை மாடிகளில் காயப்போட்ட துணியையெல்லாம் பக்கத்து வீடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. என் மகன் சாப்பாட்டு மேசையில் தன் கைப்பேசியை வைத்து, திரையில் கட்டைவிரல் நகமளவு தெரிந்த ஒரு சதுரத்தை அவன் அம்மாவிடம் காட்டினான். “அம்மா, யோசிக்காம சொல்லு. பாத்ததும் என்ன தெரியுது?” என் மனைவி கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். “சாம்பார் கொட்டின மாதிரி இருக்குடா” என்றாள்.

அது அவனுடைய விளையாட்டின் அட்டைப் படம். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, தென்னூரில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, இரண்டு நண்பர்களோடு அவன் செய்துகொண்டிருந்த கைப்பேசி விளையாட்டு. பஸ் வந்து நிற்கும். மற்றவர்கள் ஏறுவதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, பை, குடை என்று கையில் கிடைத்ததைப் போட்டு, வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் இடம் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். பெயர் ‘ஆள் வருது’. அந்தப் பெயரை அவன் எங்கும் தேடவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாங்கள் மனைவியின் ஊரான வையம்பட்டிக்குப் போகும்போது, பெட்டியோடு நான் பின்தங்கி நிற்பேன். அவள்தான் முதலில் ஏறுவாள். பக்கத்து இருக்கைகளில் பையையும் குழந்தையையும் பரப்பிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “ஆள் வருது! ஆள் வருதுங்க!” என்று கத்துவாள். அந்தப் பரப்பப்பட்ட குழந்தைதான் இப்போது விளையாட்டு செய்தவன்.

படத்தை நான் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பத்தாறு வருடம் தணிக்கை வேலை பார்த்தவன்; எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். பஸ், ஓட்டுநர், நடத்துநர், மலைக்கோட்டை, காவிரிப் பாலம், பூக்காரி, வாழைத்தார், இரண்டு ஆடு என்று பதினேழு பொருள்கள் இருந்தன. சொன்னேன். “அப்பா, இது பேலன்ஸ் ஷீட் இல்லப்பா” என்று சிடுசிடுத்தான். ஆனால் அவனுக்கும் தெரிந்திருந்தது. கைப்பேசியில் விளையாட்டுகளை இறக்கிக்கொள்ளும் கடையில் இப்படிச் சதுரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பார்ப்பவர்களின் விரல் எங்கும் நிற்பதில்லை. பஸ் ஜன்னலிலிருந்து விளம்பரப் பலகையைப் பார்ப்பதுபோல் ஒரு கணம். அந்தக் கணத்தில் ஒன்றுதான் கண்ணில் ஏறும். ஒன்றுக்கு மேல் வைத்தால் அந்த ஒன்றும் ஏறாது.

அடுத்த சில வாரங்கள் நீக்குவதிலேயே போயின. ஆடுகள் போயின. பாலம் போயிற்று. மலைக்கோட்டையை மட்டும் எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. “மலைக்கோட்டை இல்லாம திருச்சின்னு எப்படித் தெரியும்?” என்றான். “மதுரைக்காரன் விளையாடக் கூடாதா?” என்றாள் அவன் அம்மா. அதுவும் போயிற்று. கடைசியில் ஒரு மஞ்சள் ஜன்னல், பறந்து வரும் ஒரு துண்டு, ஜன்னலில் வாய் திறந்து கத்தும் ஒரு முகம் என்று மூன்று மிஞ்சின. யார் முகம் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவை ஹாலில் உட்காரவைத்து, கத்தச் சொல்லிப் புகைப்படம் எடுத்தான். இரண்டு முறை சிரித்துக் கெடுத்தாள். மூன்றாம் முறை கத்திய கத்தலில் எதிர்வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, “என்னாச்சுங்க? சார் விழுந்துட்டாரா?” என்று கேட்டாள்.

அந்தப் புகைப்படத்தைப் பார்த்துத் தென்னூரில் ஓர் இளம்பெண் படத்தை வரைந்தாள். அச்சு அசல் என் மனைவி. பிரச்சினை பிறகுதான் வந்தது. நகமளவுக்குச் சுருக்கியபோது, நெற்றிப் பொட்டு சிவப்பாகத் தெரியவில்லை. திரையில் ஒட்டிய தூசி மாதிரித் தெரிந்தது. பார்த்தவர்களில் சிலர் அதைக் கட்டைவிரலால் துடைத்தார்களாம். பாதிப் பேருக்கு ஒரு படமும் மீதிப் பேருக்கு இன்னொரு படமும் காட்டிப் பார்க்கக் கடையிலேயே வசதி உண்டு. பொட்டு உள்ள படம், பொட்டு இல்லாத படம் இரண்டையும் போட்டுப் பார்த்தார்கள். பொட்டு இல்லாததைத்தான் அதிகம் பேர் தொட்டார்கள். தை மாதம் விளையாட்டு அந்த முகத்தோடு வெளியாயிற்று.

அன்று காலை என் மனைவி சமையலறையிலிருந்து கைப்பேசியைக் கையில் பிடித்தபடி வந்தாள். “பொட்டு எங்கடா?”

“சின்னதா பாக்கும்போது அழுக்கு மாதிரி இருந்துச்சும்மா.”

“அழுக்கா?” அவனைக் கேட்டாளே தவிர, என்னைத்தான் பார்த்தாள். “உங்கப்பா இன்னும் இருக்காருடா. இதோ, ரெண்டாவது தோசை கேட்டுட்டு உக்காந்திருக்காரு.”

நான் சிரித்தேன். “பொம்மைக்குத்தானே இல்ல, உனக்கு இருக்கே” என்றேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த முறை புதுப்பிக்கும்போது வைத்துவிடுகிறேன் என்றான் மகன். விளையாட்டு பெரிதாக ஓடவில்லை. ஆனால் அறை வாடகையும் இரண்டு நண்பர்களின் சம்பளமும் அதிலிருந்து வரத் தொடங்கின. அட்டையைத் தொட்டால் எல்லாம் சரிந்துவிடும் என்று அவன் பயந்தான். மாசியில் ஒருமுறை புதுப்பித்தான், பொட்டு வரவில்லை. பங்குனியிலும் வரவில்லை. அவள் யாரிடமும் புகார் சொல்லவில்லை. உறவினர்களுக்கு அந்தப் படத்தைப் பெருமையாகக் காட்டுவாள். காட்டும்போது கட்டைவிரலை நெற்றியின் மேல் வைத்து மறைத்துக்கொள்வாள்.

வைகாசியில் அவள் போய்விட்டாள். நெஞ்சுவலி. மருத்துவமனையில் ஓர் இரவு, ஒரு பகல். வீட்டில் கிடத்தியபோது பெண்கள் கூடி மஞ்சள் பூசி, நெற்றியில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகக் குங்குமம் வைத்தார்கள். “பூவும் பொட்டுமா போயிட்டா, கொடுத்து வச்சவ” என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த வட்டத்தின் அகலம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மகன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தான். நெற்றிப் பக்கம் அவன் பார்க்கவில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு ஒருநாள் ஓய்வூதிய வேலையாகச் சத்திரம் பேருந்து நிலையம் போகும் பஸ்ஸில் போனேன். பக்கத்து இருக்கைக் கல்லூரிப் பெண் கைப்பேசியைத் திறந்தாள். மஞ்சள் ஜன்னல், துண்டு, என் மனைவி. வெறும் நெற்றி. கணவன் போனால் பொட்டை அழிக்கிற வழக்கம் சரியென்று நான் எந்நாளும் சொன்னதில்லை. ஆனால் அவள் அந்த வழக்கத்துக்குள் வாழ்ந்தவள். அவள் பார்த்த பார்வை எதைச் சொன்னது என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் படத்தின்படி போய்விட்டவன் நான். வலி என்று எதுவும் இல்லை. வரவில் எழுத வேண்டியதைப் பற்றில் எழுதியதுபோல் இருந்தது. திருத்தியாக வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அன்று மாலை மகனிடம், “பொட்டை வை” என்றேன்.

“வைக்கணும்னு எனக்கும் ஆசை இல்லையாப்பா? மாத்தினா இறங்கிடும். அந்த ரெண்டு பேருக்கும் சம்பளம் எங்கேந்து தருவேன்?”

“இறங்குறதை நான் தரேன். எவ்வளவுன்னு சொல்லு.”

அவன் எழுந்து கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான்.

மறுநாள் இருவரும் தென்னூருக்குப் போனோம். வரைந்த பெண் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். “சார், இருந்த அளவுலயே வச்சா மறுபடி தூசியாத்தான் தெரியும். இருக்கறதைவிட நாலஞ்சு மடங்கு பெருசா வைக்கணும். அம்மா நிஜத்துல அப்படி வச்சிருக்க மாட்டாங்க. பரவாயில்லையா?” மகன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். “வச்சிருந்தாங்க” என்றான். “ஒரு நாள்.”

அவள் துண்டைக் கொஞ்சம் தள்ளி, நெற்றிக்கு இடம் ஒதுக்கி, எல்லா அளவுகளிலும் புதிதாக வரைந்து கொடுத்தாள். பணம் வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை, கொடுத்தேன். ஆவணியில் படம் மாறிற்று. நகமளவிலும் இப்போது பொட்டு பொட்டாகத் தெரிகிறது, யாரும் துடைப்பதில்லை. முதல் இரண்டு மாதம் தொடுகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு பழைய நிலைக்கு வந்துவிட்டது. அந்த இரண்டு மாதக் குறைவுக்கான பணத்தை மகன் வாங்க மறுத்தான். நண்பர்கள் இருவரின் வங்கிக் கணக்கிலும் நானே செலுத்தினேன். வரைந்த கூலி ஒன்பதாயிரம், பழைய படத்தோடு ஏற்கெனவே கட்டியிருந்த விளம்பரம் வீணானது ஆறாயிரத்து எழுநூறு, சம்பளக் குறைவு இருபத்திரண்டாயிரத்து எண்ணூறு. ஆக ஒரு பொட்டுக்கு, முப்பத்தெட்டாயிரத்து ஐநூறு ரூபாய்.