ஆள் பிடித்த அன்று கொடுத்த அபின்

மலாயாவில், சாஆ ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரெசரே, ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதை வேலைக்கு என் கணவரை அனுப்பியது நீர்தான்.

மரம் விழுந்து நொறுங்கிய அவர் கால், எலும்பு கூடியும் வலித்துக்கொண்டே இருந்தது. நொண்டியதால்தான் ஜப்பான்காரன் அவரை விட்டுவைத்திருந்தான். மாதக்கணக்கில் மருந்து கேட்டோம். "இல்ல லா" என்றீர். ஒருநாள் விடியற்காலையில் நீரே வீடு தேடி வந்து அபின் உருண்டை கொடுத்தீர்.

"முழுங்கச் சொல்லும்மா, பெரட்டுல வலியில்லாம நிப்பாரு."

அன்று ஆள் பிடிக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் மப்பில் நேராக நடந்தார். "பாத்தியா புள்ள, மாப்பிள்ளை நடை!" என்று சிரித்தார். அப்படியே லாரியில் ஏற்றினார்கள். திரும்பவில்லை.

இப்போது யார் மருந்து தந்தாலும், இன்றைக்கு ஏன் என்று கேட்காமல் வாங்குவதில்லை. உம்மையும் கேட்கிறேன். அன்றைக்கு மட்டும் மருந்து எப்படி வந்தது? யார் கொடுக்கச் சொன்னது? இதே பத்திரிகையில் பதில் எழுதும்.