ஐந்து வரை தாங்கும் விரல்

ஆள்காட்டி விரலை மோட்டாரின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் பேராச்சி. உதடு மட்டும் அசைகிறது. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூன்றில் விரல் விலகிவிடுகிறது. "அய்ய, காய்ச்சல்ல கெடக்கு. இதப் போட்டு இவ்வளவு நேரம் ஓட்டுவாங்களா?" என்று ஹெலிகாப்டரைக் கொண்டுவந்தவரை ஒரு பார்வை பார்க்கிறார். விரல் ஐந்து வரை தாங்கினால் மோட்டார் நலம். நான்கில் சுட்டால் பல்சக்கரம் எங்கோ இறுகியிருக்கிறது. மூன்று என்றால், உள்ளே காந்தத்தை ஒட்டியிருக்கும் பசையே இளகத் தொடங்கியிருக்கலாம். சூடு அளக்கும் கருவி ஒன்றும் சுவரில் தொங்குகிறது. யாரோ அன்பளிப்பாகத் தந்தது. அதன் பிளாஸ்டிக் உறையை அவர் இன்னும் பிரிக்கவில்லை.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், மாவு மில்லுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது அவர் பட்டறை. ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல், சுவர் முழுக்க ஆணி. ஆணிகளில் வாலில்லாத, மூக்கில்லாத, கால் ஒடிந்த ஹெலிகாப்டர்கள். பேட்டரியில் பறப்பவை, கையில் வைத்திருக்கும் ரேடியோ பெட்டியால் ஓட்டப்படுபவை. தானேயிலிருந்தும் நெருளிலிருந்தும், சமயத்தில் பூனாவிலிருந்தும் பெரிய மனிதர்கள் இவற்றைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு இந்தச் சந்துக்குள் குனிந்து வருகிறார்கள். கூரை தகரம். மழை விட்ட பிறகு அக்டோபரில் மும்பைக்கு இன்னொரு கோடை வரும். காற்று அசையாது, வியர்வை காயாது. ஹெலிகாப்டர்களுக்கும் அதுதான் சீக்குக் காலம்.

பேராச்சிக்கு நாற்பத்தாறு வயது. நாங்குநேரிப் பக்கத்துக் குடும்பம். பிறந்தது இந்தக் கேம்ப்பில்தான். தாராவியில் மிக்ஸி மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறை ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் இருந்தார். பொம்மை வியாபாரி ஜஹாங்கீர், விற்ற இடத்திலிருந்து திரும்பி வந்த ஹெலிகாப்டர்களை ஒரு கோணி நிறையக் கொண்டுவந்து, "பெஹன், இதுல எதாச்சும் ஜிந்தா இருக்கா, உயிர் இருக்கா பாரு" என்று அவர் முன்னால் கொட்டியதில்தான் எல்லாம் தொடங்கியது. நாற்பதில் பதினொன்று பறந்தன. "மிக்ஸி அரைக்கி, இது பறக்கு. உள்ள சுத்துறது ஒண்ணுதான?" என்பார். இந்த வாக்கியத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் மறுக்க முயன்று இரண்டு வருடங்களாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

சண்டை என்றால் அவருக்கு ஹிந்தி. தண்ணீர்க் குழாய் பார்க்கிறவரிடம் மராத்தி. எண்ணுவது மட்டும் தமிழில். "நூத்திப் பத்துச் சுத்துன்னா தமிழ்ல எண்ணுனாத்தான் பராபர் நூத்திப் பத்து. ஹிந்தியில எண்ணுனா எங்கியோ ரெண்டு விட்டுப் போவுது."

சூட்டோடு வந்த எதையும் அவர் திறப்பதில்லை. வந்தவருக்கு எதிர்க் கடையிலிருந்து அரை கிளாஸ் கட்டிங் சாய், ஹெலிகாப்டருக்கு மேஜை மூலையில் நிழல். "மொதல்ல அது மூச்சு விடட்டும். கொதிக்கையில கேட்டா மனுசன் நெசம் சொல்லுதானா? மிசினு மட்டும் சொல்லுமாக்கும்." பறந்து இறங்கிய பேட்டரியை ஆறவிடாமல் சார்ஜில் போடுகிறவர்களை அவர் மன்னிப்பதேயில்லை. பேட்டரியை மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்ப்பார், புட்டிப்பாலின் சூட்டைப் பார்ப்பது போல. உப்பிப் போனதை மணல் போட்ட மண்பானைக்குள் தனியாக இறக்கிவிடுவார். தீப்பிடித்தாலும் அதற்குள்ளேயே அடங்கட்டும் என்று. பன்னிரண்டிலிருந்து நான்கு வரை கதவு சாத்தியிருக்கும். ஒரு நாள் டாக்டர் ஒருவர் ஒரு மணிக்கு வந்து தட்டி, ரொம்ப அவசரம் என்றார். "ஒங்களுக்குத்தான டாக்டர் அவசரம்? அதுக்கு ஒண்ணும் அவசரமில்லியே" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

இத்தனைக்கும் ஒரு தடவைகூட அவர் ஹெலிகாப்டர் விட்டதில்லை. பலகையில் கட்டி ஓட்டிப் பார்ப்பதோடு சரி. "சரி பண்ணுறது ஏஞ்சோலி, பறக்க விடுறது ஒங்க சோலி" என்பார். நன்றி சொன்னால் உடனே பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த வார்த்தையை அவரிடம் சொல்ல நேர்ந்தது என் அண்ணா ஜம்புவால். அண்ணாவுக்கு எழுபத்து நான்கு. டிராம்பேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், செம்பூரில் வீடு. பன்னிரண்டு வருடமாக ஞாயிறு காலைகளில் நெருளில் ஒரு மைதானத்தில் ஹெலிகாப்டர் விடுகிறார். கண்ணில் அழுத்தம் ஏறி இடது கண் போய்விட்டது. போன அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை, வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தார்கள். மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்றத்தான். அதற்கும் உறுதி கிடையாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணா வேறெதுவும் கேட்கவில்லை. அதற்கு முந்தைய ஞாயிறு, கண்ணால் பார்த்து ஒரே ஒரு தடவை ஹெலிகாப்டர் விட வேண்டும் என்றார்.

அது பறக்கிற நிலையில் இல்லை. ஆயுத பூஜை கழிந்ததிலிருந்து, தரையை விட்டு ஒரு அடி எழும்பியதும் உடம்பெல்லாம் நடுங்கியது. வால் தானாக ஒரு பக்கம் திரும்பியது. வியாழக்கிழமை காலை என் காரில் வைத்து லேபர் கேம்ப்புக்குக் கொண்டுபோனோம்.

துண்டை விலக்கியதுமே, "ஏசி போட்டு வந்தீங்களா, சின்ன ஸார்?" என்றார் பேராச்சி. அண்ணா பெரிய ஸார், நான் சின்ன ஸார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். விரலால் அதன் மூக்கைத் துடைத்துக் காட்டினார். வியர்த்திருந்தது. வாலைப் பிடித்து நிறுத்துவதற்கென்று உள்ளே ஜைரோ என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. குளிரிலிருந்து திடீரென்று வெயிலுக்கு வந்தால் அதற்குத் திசை குழம்பிவிடும் என்றார். "குளுகுளுன்னு ஒக்கார வச்சிக் கூட்டியாந்து, வெயில்ல எறக்குன ஒடனே ஆடாம நில்லுன்னா? ஒங்களுக்கே தல சுத்தும்." நான் அண்ணாவுக்காகப் போட்ட ஏசி அது. சாயை எடுத்துக் குடித்தேன்.

அரை மணி நிழலில் இருந்த பிறகு வால் பெருமளவு அடங்கியது. நடுக்கம் அடங்கவில்லை. ஜைரோவின் அடியில் ஒட்டியிருந்த டேப் வெக்கையில் பிசினாக இளகியிருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினார். வால் நின்றுவிட்டது. நடுக்கம் அப்படியே. வெள்ளிக்கிழமை நடுத்தண்டைக் கழற்றிக் கண்ணாடியில் உருட்டிப் பார்த்தார், கோணல் இல்லை. பேரிங்குகளை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துச் சுற்றினார். பெல்ட்டைச் சுண்டிப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஹெலிகாப்டரைத் தவிர.

"பிளேடைப் பாத்தியோம்மா?" என்றார் அண்ணா. மேலே சுற்றுகிற இரண்டு இறக்கைகளைத்தான் பிளேடு என்பார்கள்.

"அது போன மாசம் நானே எடை நிறுத்து வச்சது பெரிய ஸார்" என்றார் பேராச்சி. குரலில் கொஞ்சம் வெயில் ஏறியிருந்தது. அதற்கு மேல் அண்ணா கேட்கவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டு அடித்தது. அவர் கதவைச் சாத்தவில்லை. எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. தகரம் எங்கள் தலைக்கு மேல் டக் டக்கென்று விரிந்துகொண்டிருந்தது. அண்ணா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போறும்மா, விட்டுடு. பன்னெண்டு வருஷம் நன்னா விட்டாச்சு. யாருக்குக் கிடைக்கும்?" என்றார்.

"நீங்க சும்மா இருங்க பெரிய ஸார். நாளைக்கித்தான ஞாயித்துக்கெழம? இன்னும் நேரம் கெடக்கு." சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல் பிளேடுகளைக் கழற்றினார். ஒரே போல்ட்டில் இரண்டையும் அடியோடு அடி சேர்த்து முடுக்கினார். இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை அருகருகே வைத்து, போல்ட்டின் முனைகளை அவற்றின் விளிம்பில் தாங்க விட்டார். தராசுக் கோல் போல நிற்க வேண்டியது. நிற்கவில்லை. ஒரு பிளேடு மெல்லச் சரிந்து மேஜையைத் தொட்டது.

தொட்ட பிளேடின் நுனியில் எட்டணா அகலத்துக்குச் சந்தனமும் அதன் நடுவே குங்குமமும் இருந்தன. ஓரத்தில் கொஞ்சம் காய்ந்து உதிர்ந்திருந்தது. மற்ற பிளேடு வெறுமையாக இருந்தது.

மூன்று நாளாக நாங்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆயுத பூஜை முடிந்து வாரம் ஒன்றுகூட ஆகவில்லை. பேராச்சியின் சால்டரிங் கம்பியில் பொட்டு. மல்டிமீட்டரில் பொட்டு. அந்த டம்ளர்களில் பொட்டு. எதிர்க் கடைக் கெட்டிலில், என் கார் ஸ்டீயரிங்கில், ஆணியில் தொங்கும் ஹெலிகாப்டர்களின் மூக்கில். எங்கும் இருப்பது கண்ணில் படுவதில்லை என்று புத்தகங்களில் பல விதமாகப் படித்திருக்கிறேன். அன்றுதான் நேரில் பார்த்தேன். பேராச்சி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஏங்கண்ணுல மண்ணு! மூணு நாளா இதுமேலதான கைய வச்சிக்கிட்டு இருக்கேன். நான் நிறுத்ததுன்னு ஒரு கொழுப்பு பாருங்க."

நகத்தைப் பொட்டின் அருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். "இது யாரு வச்சது?"

"வாலாம்" என்றார் அண்ணா. வாலாம்பாள் என் மன்னி. பேராச்சி உடனே அவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"அம்மா, பெரிய ஸார் ஹெலிகாப்டர் எறக்கையில பொட்டு வச்சீங்களா?"

"ஆமாம்டி. மூக்குல ஒண்ணு, இறக்கைல ஒண்ணு. ஏன்?"

"ஒரு எறக்கைக்குத்தான் வச்சிருக்கீங்க. அதான் தடுமாறுது. அழிச்சிரட்டுமா?"

"ரெண்டுக்கும் வெக்கணும்னு எனக்கு என்ன தெரியும்? அவர் கண்ணுக்காக வேண்டிண்டு வெச்சேன். செவ்வாய்க்கிழமை தாண்டட்டும்னு பாத்தேன். பரவாயில்லை, அழிக்காட்டா முடியாதுன்னா அழிச்சுடு."

"முடியும்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அண்ணா குறுக்கிட்டார். "சுரண்டிடும்மா. ஸ்வாமி ஒண்ணும் கோச்சுக்க மாட்டார்."

"சாமி கோவிக்காது பெரிய ஸார். ராத்திரிச் சோத்துக்கு நீங்க வீட்டுக்குப் போவணுமில்ல?" போனுக்குள்ளிருந்து மன்னி சிரிப்பது கேட்டது.

சாமி படத்தடியில் இருந்த சந்தனப் பொடியை உள்ளங்கையில் குழைத்து, வெறும் பிளேடின் நுனியில், அதே அளவில், அதே இடத்தில் ஒரு பொட்டு வைத்தார். நடுவில் குங்குமம். ஈரச் சந்தனம் கனமாக இருக்கும், காய்ந்தால்தான் உண்மை எடை தெரியும் என்று காத்திருக்கச் சொன்னார். அந்த வெக்கையில் பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது. அவர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். "இத்தன வருசத்துல இன்னைக்கித்தான் இந்தத் தகரம் உருப்படியா ஒரு சோலி பாத்துருக்கு."

மறுபடி டம்ளர்கள். இப்போது புதுப் பொட்டின் பக்கம் தாழ்ந்தது. ஒரு ஊசியால் தன் பொட்டின் ஓரத்தை மட்டும் துளித் துளியாகக் கொத்தி எடுத்தார். மன்னியின் பொட்டைத் தொடவில்லை. நான்காவது தடவை கோல் நேராக நின்றது. மூச்சு பட்டால் ஆடிவிடுமோ என்று நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். இரண்டு பொட்டுகளின் மேலும் நிறமில்லாத நெயில் பாலிஷை ஒரே மாதிரித் தடவினார். "செவ்வாய் வரைக்கும் உதிராது."

நான் நன்றி என்று ஆரம்பித்தேன். "நாளைக்கு ஏசி போட்டீங்கன்னா நான் பாதியிலேயே எறங்கிருவேன், சின்ன ஸார்" என்றார். அவரும் வரப்போகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிறு காலை கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வியர்த்தபடி நெருள் போனோம். ஏழு மணிக்கே மைதானம் காயத் தொடங்கியிருந்தது. ஹெலிகாப்டரை வேப்ப மர நிழலில் அரை மணி உட்கார வைத்தார் பேராச்சி. அண்ணா அதன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து, ரேடியோ பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்றார், மிச்சமிருந்த கண்ணுக்கு இடம் கொடுத்து.

எழும்பியது. நடுங்கவில்லை. ஓர் ஆள் உயரத்தில் அசையாமல் நின்றது. பிறகு மைதானத்தின் அந்தக் கோடி வரை போய், வட்டமடித்து, அவர் முகத்துக்கு நேரே திரும்பி வந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். பேராச்சி ஹெலிகாப்டரைப் பார்க்கவேயில்லை. அண்ணாவின் கட்டை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கியதும் பிளேடுகள் முழுக்க நிற்கும்வரை பொறுத்து, பேட்டரியைக் கழற்றினார். வழக்கம் போல மோட்டாரின் பக்கம் ஆள்காட்டி விரலைக் கொண்டுபோனவர், அதை மடக்கிக்கொண்டார். அண்ணாவின் கையைப் பிடித்துக் குனிய வைத்து, அவர் விரலை மோட்டாரின் மேல் வைத்தார்.

"எண்ணுங்க, பெரிய ஸார்."

அண்ணா கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். ஐந்து தாண்டி, ஒன்பது, பத்து என்று போய்க்கொண்டிருந்தது. பேராச்சி அவர் கையை விடவில்லை.