சவரிமுத்து அண்ணனின் இறால் குளம்

இரண்டு சட்டையும் ஒரு கைலியும் வைத்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கடல் தண்ணீர் ஏறும் கழியின் கரை வழியாக மீமிசல் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் நான் வேலை பார்த்த சவரிமுத்து அண்ணனின் இறால் பண்ணை. இரண்டு நாளாக இறால்கள் தீனி எடுக்கவில்லை. ஓட்டில் வெள்ளைப்புள்ளி. அன்று காலை கரையோரமெல்லாம் செத்துக் கிடந்தன. அண்ணன் என் பையைத் தூக்கி வெளியே எறிந்தார்.

"நாலு பண்ணைச் சேத்த மிதிச்சிட்டு வந்தவன்டா நீ. ஒன் காலுதான் நோயக் கொண்டாந்துச்சு. போயிரு."

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன்பிறகு எந்த வேலையிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. கல் குவாரி, ஐஸ் லாரி, கடைசியில் இறால் பண்ணைகள். இந்த வேலைக்கு வரும் தம்பிகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைப்புள்ளி எப்படி வந்தது என்று பல நேரம் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. காக்கா கொண்டுவரும், நண்டு கொண்டுவரும், வாங்கிவிட்ட குஞ்சிலேயே இருக்கும், மனுஷன் காலிலும் வரும். கிருமியைக் கொல்லும் பெர்மாங்கனேட் தண்ணீரில் காலை நனைக்காமல் நான் குளத்துக்குப் போனதே இல்லை. இருந்தாலும் நான் கொண்டுவரவில்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை. அண்ணன் வைததைவிட அதுதான் அதிகம் வலித்தது.

சாயங்காலம் ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னாலேயே சேதி அங்கே வந்திருந்தது.

"தள்ளி உக்காருப்பா. நான் காலையில குளத்துல எறங்கணும்" என்றார், பக்கத்துப் பண்ணையில் குளத்துக்குக் காற்றடிக்கும் ஏரேட்டர் ஓட்டும் மாரிமுத்து.

"அவரு குடிச்ச கிளாஸுக்கும் பிளீச்சிங் போடுங்க மாஸ்டர்" என்றான் அவர் கூட இருந்தவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அண்ணனின் மனைவி பிலோமினா அக்கா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்.

"பிளீச்சிங் போட்டுச் செத்தத அள்ளிப் பொதைக்கணும். யாராச்சும் ரெண்டு பேர் வாங்களேன்."

யாரும் எழவில்லை. நோய்க் குளத்தில் இறங்கினவனைப் பல நாளைக்கு வேறு பண்ணையில் சேர்க்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

"ஆள் வரலைன்னா மதகத் தொறந்து விட்டுருவேன்னு நிக்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. மதகைத் திறந்தால் நோய்த் தண்ணீர் கழியில் கலக்கும். கழியிலிருந்து தண்ணீர் இறைக்கிற அத்தனை குளமும் போய்விடும்.

"தொறந்தாருன்னா நாங்க சும்மா இருக்க மாட்டோங்க" என்றார் மாரிமுத்து.

"அவர அடிச்சா ஒங்க எறா பொழைச்சுக்குமா?" என்றார் அக்கா.

அந்தக் கடையில் இருந்தவர்களில் மறுநாள் போக வேலை இல்லாதவன் நான் ஒருத்தன்தான்.

"விடிஞ்சதும் நான் வாரேங்க்கா. அதுவரைக்கும் மதகத் தொட வேணாம்னு சொல்லுங்க."

"நீயா தம்பி? அவரு பேசுன பேச்சுக்கு..."

"பேசுனாரு. வேற ஆளும் இல்லையே."

ராத்திரி மாதா கோவில் வாசலில் துண்டை விரித்தேன். பரலோக மந்திரம் சொல்ல ஆரம்பித்தேன். மன்னிப்பு வருகிற, 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல' என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. ஆண்டவரே, நான்தான் கொண்டுபோனேனா என்று கேட்டேன். அதைத் தெரிந்துகொண்டுதான் குளத்துக்குப் போவேன் என்று காத்திருந்தால், காலையில் முதல் பஸ்ஸில் ஏறியிருப்பேன். பதில் அவரிடமே இருக்கட்டும் என்று விட்டேன். மந்திரத்தை முடித்துவிட்டுத் தூங்கினேன்.

காலையில் அண்ணன் மதகின் மேலேயே உட்கார்ந்திருந்தார். பலகையைத் தூக்கவில்லை. கண் சிவந்திருந்தது.

"நீதான் கொண்டாந்தேன்னு இன்னமும் நெனைக்கிறேன்டா."

"நெனைச்சுக்கங்கண்ணே. எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு. பிளீச்சிங் மூட்டை எங்கிட்டு இருக்கு?"

அண்ணன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"ஷெட்டுக்குள்ள. மூக்கக் கட்டிக்க, நெடி தாங்காது."

யார் சரி என்பது தீர்ந்தபிறகுதான் இரங்க வேண்டும் என்றால் அது ஒருநாளும் நடக்காது. அந்தக் கரையில் நான் கற்றது அவ்வளவுதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று, நாங்கள் இரண்டு பேருமாக முதல் மூட்டையைப் பிரித்தோம்.