ஒரே கொடியில் இருவர்

எழுபதுகளின் நடுவில் எருத்தேன்பதிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். அடுத்த வருடமே தலைப்பிரசவம். வயிறு அளவுக்கு மீறி முன்தள்ளியதால் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து இரட்டைப் பிள்ளை என்றார். என் மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முதல் எருமைப் பாலில் எனக்கென்று தனியாக எடுத்து வைத்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார்.

ஏழாம் மாதம் டாக்டரம்மா வயிற்றில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தார். ஒன்று போய்விட்டது என்றார். இப்போதே எடுத்தால் உயிரோடிருப்பதும் பிழைக்காது, அது வளர இன்னும் நாள் வேண்டும், நன்றாகச் சாப்பிட்டுப் படுத்திரு என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். என் கணவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மாமியார் கெட்டவர் இல்லை. போன பிள்ளைக்காக அவரும்தான் சோறு இறங்காமல் கிடந்தார். ஆனால் யாரையாவது குற்றம் சொன்னால்தான் அவருக்கு ஆறும். உள்ளே உயிரோடிருப்பதுதான் கூடப்பிறந்ததன் பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். வருவோர் போவோரிடமெல்லாம் அதையே சொன்னார். பாலும் நின்றது. பிறக்காத பிள்ளையைத் திருடன் என்று ஊர் பேசினால் தாய் யாரிடம் போய் வழக்குச் சொல்வாள்?

ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் என் பெற்றோர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கம் தாய்வீட்டார் விதவிதமாகச் சோறு ஆக்கி வந்து மகளுக்கு விருந்து வைப்பது வழக்கம். மாமியார் வாசலிலேயே மறித்தார்.

"வயித்துக்குள்ள எழவ வெச்சுக்கிட்டு என்னங்க விருந்து?"

என் அப்பா பாத்திரங்களை இறக்காமலே நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே தூக்குப்போசியை வாங்கித் திறந்து, எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து புளிச்சோறும் தயிர்ச்சோறும் தின்றேன். பசிக்கு இல்லை, வீம்புக்கு. உள்ளே இருப்பதற்கு நான் ஒருத்தியாவது விருந்து வைக்க வேண்டாமா?

தின்று என்ன பயன்? வயிறு வளரவே இல்லை. டேப் வைத்து அளந்த டாக்டரம்மா மறுபடியும் ஒருமுறை அளந்தார். இதுவும் போய்விடுமோ என்று படுக்கையில் அசையாமல் கிடந்து, உள்ளே துடிக்கிறதா என்று கை வைத்துப் பார்ப்பதே வேலையாயிற்று.

அந்த மாதம் முடியுமுன் வலி கண்டது. இறந்தது முதலில் வந்தது. நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டாள், எனக்குக் காட்டவில்லை. பின்னால் வந்தது மெல்லிய குரலில் அழுதது. இரண்டுக்கும் நச்சுக்கொடி ஒன்றே என்றும், இரண்டின் ரத்தமும் அதற்குள் ஓடிக் கலந்திருக்கிறது என்றும், ஒன்று போனபோது மற்றதும் சேர்ந்து அடிபட்டிருக்கும் என்றும் டாக்டரம்மா என் மாமியாரை நிற்க வைத்துச் சொன்னார். பிழைத்ததே பெரிது, பாலூட்டித்தான் தேற்ற வேண்டும் என்றார்.

மாமியார் பிள்ளையை வாங்கித் துணியை விலக்கினார். தொடையில் சதையே இல்லை, தோல் சுருங்கித் தொங்கியது. விலா எலும்பு தெரிந்தது.

"ஏனம்மிணி, இது எதையுமே திங்கலையே. பட்டினியாத்தான கெடந்திருக்குது."

சொல்லிவிட்டுப் பிள்ளையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அத்தனை நாளும் நான் சேர்த்து வைத்திருந்த வசவு நிறைய இருந்தது. ஒன்று விடாமல் கொட்டிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். முந்தானையை விலக்கிக்கொண்டு கை நீட்டினேன்.

"பசிக்குமுங்க அத்தை. இங்க குடுங்க."