நூற்று முப்பது கிலோவுக்குள்

விராலிமலை பழைய இரும்புக் கடைத் தராசில் செம்மல் முதலில் என்ஜினை ஏற்றினார். அதை இறக்கிவிட்டுத் தானே ஏறி நின்றார். என்ஜின் முப்பத்து நாலு கிலோ. செம்மல் எண்பத்திரண்டு.

ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். திரும்பி வந்த மற்றவர்கள் வீடு கட்டினார்கள். இவர் தகரக் கொட்டகை போட்டு, அலுமினியக் குழாயும் துணியுமாக, ஒருவர் உட்காரும் குட்டி விமானம் கட்டினார். விலைக்கு வாங்கிய வரைபடத்தில் கறாராகப் போட்டிருந்தது: என்ஜின், பெட்ரோல், ஓட்டுபவர் மூன்றும் சேர்ந்து நூற்று முப்பது கிலோவைத் தாண்டக் கூடாது.

"தாண்டுனா என்னண்ணே?" என்றார் லேத் பட்டறை வைத்திருந்த நண்பர் ரகுநாத்.

"தரையிலயே ஓடும்."

"அப்ப காருதான்."

"காருதான்."

பெட்ரோல் பன்னிரண்டு கிலோ. ஆக நூற்று இருபத்தெட்டு. மிச்ச இரண்டு கிலோவைச் செம்மல் ஹெல்மெட்டுக்கும் செருப்புக்கும் ஒதுக்கினார்.

விமானத்தை வேப்ப மரத்தில் கட்டிவைத்து என்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். சூடேறி பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டு என்ஜின் நின்றுபோனது. சரிசெய்தார்கள்; மறுபடியும் பிடித்தது. ரகுநாத் வேறொரு என்ஜின் கொண்டுவந்தார். அது காலையிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை ஒரே சத்தத்தில் ஓடியது. எடை ஐம்பத்தெட்டு.

செம்மலும் பெட்ரோலும் சேர்ந்தால் நூற்று ஐம்பத்திரண்டு என்று இருவரும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, செம்மலின் மனைவி வனிதா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். கர்நாடகத்தில் செம்மல் விமானம் ஓட்டப் படித்தபோது துணைக்குப் போனவர். சும்மா இருப்பானேன் என்று தானும் படித்துத் தேறியிருந்தார்.

"நான் நாப்பத்தொம்பது" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"கிலோ."

ரகுநாத் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் கூட்டிப் பார்த்தார். நூற்றுப் பத்தொன்பது.

செம்மல் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். தான் ஓட்டுவதாக இருந்தால் சின்ன என்ஜினையே இன்னொரு தடவை பழுதுபார்த்துக் கிளம்பியிருப்பார். நடுவானில் நின்றால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தார். அந்த இருக்கையில் வனிதாவை வைத்து நினைத்தபோது அந்தத் துணிச்சல் வரவில்லை.

"ஒங்க ஆசைங்க இது. நீங்களே சொல்லுங்க" என்றார் வனிதா.

"பெரிய என்ஜினே இருக்கட்டும்" என்றார் செம்மல். "சீட்டத்தான் முன்னால தள்ளணும். பின்னால என்ஜின் கனக்கும்."

அனுமதி வர மாதக்கணக்கில் ஆனது. ஒரு பங்குனிக் காலையில், நார்த்தாமலைப் பக்கம் ஒரு தரிசிலிருந்து வனிதா மேலே ஏறினார். இரண்டு வட்டம் அடித்துவிட்டு மெதுவாக இறங்கினார்.

செம்மல் ஓடிப்போய் என்ஜினைத் தொட்டுப் பார்த்தார். சூடு சரியாகத்தான் இருந்தது.

"கீழ நின்னு கையாட்டுனீங்களே, எதுக்கு?" என்றார் வனிதா.

"எறங்கச் சொல்லித்தான்."

"ஏன், சத்தம் எதும் மாறுச்சா?"

"இல்ல. பயமா இருந்துச்சு."

வனிதா ஹெல்மெட்டைக் கழற்றி ரகுநாத்திடம் கொடுத்துவிட்டு, மறுபடியும் ஏறப் பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கப் போனார்.